போர்வைக்குள் இருந்த கை

மகனே,

உன் கடிதம் செவ்வாய்க்கிழமை கைக்கு வந்தது. காளப்பநாயக்கன்பட்டி தபால் ஆபீசில் மூன்று நாள் கிடந்திருக்கிறது; உப்பு வாங்க மலையிறங்கிப் போன நம் தோட்டத்துச் சடையனிடம் கொடுத்தனுப்பினார்கள். இரண்டு தடவை படித்தேன். நான்கு இடத்தில் ஒற்று விட்டிருக்கிறாய். பழைய நாளாக இருந்தால் சிவப்பு மையால் சுழித்துத் திருப்பி அனுப்பியிருப்பேன். இப்போது அதற்குத் தெம்பில்லை. படையில் டாக்டராகச் சேர்ந்துவிட்டாய், இந்த மாதக் கடைசியில் கப்பல், எந்தத் தேசம் என்று சொல்ல அனுமதி இல்லை என்கிறது முதல் பக்கம். இரண்டாம் பக்கம் முழுவதும் மூளையைப் பற்றி எழுதியிருக்கிறாய். கடைசி வரியில், ஏதோ மறந்துபோனதைச் சேர்ப்பது போல, "அப்பா சாகும்வரை என்னை மன்னிக்கவில்லை, இல்லையா அம்மா?" என்று கேட்டிருக்கிறாய். ஆறு வருஷத்தில் நீ இதை வாய்விட்டுக் கேட்பது இதுதான் முதல் தடவை. இந்தக் கேள்வியைத் தூக்கிக்கொண்டு நீ கப்பலேறக் கூடாது. அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன். கை சீக்கிரம் வலித்துவிடுகிறது. ஒரு பக்கம் எழுதினால் சிறிது நேரம் ஜன்னலோரம் போய் நிற்க வேண்டியிருக்கிறது. ஆகவே இது ஒரே மூச்சில் எழுதிய கடிதம் என்று நினைக்காதே.

நீ டாக்டருக்குப் படிக்கப் போகிறேன் என்று சொன்ன நாளை முதலில் சரியாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அதையே நீ தப்பாக நினைவு வைத்திருக்கிறாய். அப்பா கத்தினார் என்று எழுதியிருக்கிறாய். அவர் கத்தவில்லை. "அப்போ மிளகுக் கொடியை யார் பார்ப்பது?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டுவிட்டு, செருப்பைப் போட்டுக்கொண்டு தோட்டத்துக்குப் போய்விட்டார். கத்தியது நான். "உன் அப்பாவைக் கொன்றுவிட்டுத்தான் நீ படிப்பாய்" என்று சொன்னது நான். இத்தனை வருஷத்தில் அந்த வார்த்தை உன் ஞாபகத்தில் அவர் வாய்க்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. அதில் எனக்கு ஆச்சரியமில்லை. நான் சொன்னதையெல்லாம் அவர் சொன்னதாக எடுத்துக்கொள்ளத்தான் இந்த வீட்டில் எல்லோரையும் பழக்கியிருந்தேன்.

அடுத்தவர் மனத்தில் ஓடுவது எனக்குத் தெரியும் என்ற கர்வம் எனக்குச் சிறு வயதிலேயே வந்துவிட்டது. கான்வென்டில் வகுப்பில் ஏதாவது தொலைந்தால் சிஸ்டர் என்னைத்தான் கூப்பிட்டு, யார் முகம் சரியில்லை பார் என்பார். நான் பார்த்துச் சொல்வேன். பெரும்பாலும் சரியாக இருக்கும். தப்பாகப் போன தடவைகளை யாரும் எண்ணவில்லை, தண்டனை வாங்கியவளைத் தவிர. உனக்கு ஏழு வயதில் இரண்டு நாள் சோறு இறங்காமல் இருந்தாயே, ஞாபகம் இருக்கிறதா? வயிறு என்றார்கள், கண் பட்டது என்றார்கள். "வயிறும் இல்லை கண்ணும் இல்லை, அந்தச் செவலைக் கன்றை மலைக்கு அந்தப் பக்கம் திருப்புலி நாட்டுக்காரருக்குக் கொடுத்துவிட்டீர்கள், அதுதான்" என்றேன். உன்னைக் கேட்டால் ஆமாம் என்று அழுதாய். அப்பா சிரித்துக்கொண்டே, "உன் அம்மாவுக்கு நம் மண்டையிலெல்லாம் ஒரு ஜன்னல் திறந்திருக்கிறது" என்றார். அவர் கேலியாகச் சொன்னதை நான் பட்டமாக வாங்கிக்கொண்டேன். ஒருவர் வாய் திறப்பதற்குள் அவருக்கு என்ன வேண்டும் என்று நானே சொல்லிவிடுவேன். அப்புறம் அவர்கள் சொல்வதற்கு ஒன்றும் இருக்காது. அதை நான் பிரியம் என்று நினைத்தேன்.

நீ போய் ஒரு மாதத்தில் அப்பா மிளகுக் கொடிக்கு நடுவில் விழுந்தார். சடையனும் அவன் தம்பியும் கட்டிலில் போட்டுத் தூக்கி வந்தார்கள். டோலியில் டாக்டரை மேலே கொண்டுவர ஒன்றரை நாள் ஆயிற்று. மூளையில் ரத்தக் குழாய் வெடித்திருக்கிறது, வலது பக்கம் போய்விட்டது, பேச்சு வராது, புத்தி எவ்வளவு மிச்சம் என்று யாராலும் சொல்ல முடியாது என்று சொல்லிவிட்டு அவர் இறங்கிப் போய்விட்டார். நான் பயப்படவில்லை. பேச்சு எதற்கு, அவர் கண்ணைப் பார்த்தால் எனக்குத் தெரியாதா என்று நினைத்தேன். பார்க்க வருகிறவர்களுக்கெல்லாம் நானே பதில் சொன்னேன். "ஐயா உங்களை உட்காரச் சொல்கிறார்." "ஐயாவுக்கு அசதி, நாளைக்கு வாருங்கள்." பாலில் ஊறவைத்த ரொட்டிதான் அவருக்குப் பிடிக்கும் என்று வேளாவேளைக்கு அதையே ஊட்டினேன்.

இப்போது அந்தக் கையைப் பற்றி எழுத வேண்டும். வலது கை செத்துக் கிடந்தது. இடது கை நன்றாக இருந்தது. யாராவது வந்தால் அவர் அந்த இடது கையைத் தூக்குவார், நீட்டுவார், விரலை ஆட்டுவார். எனக்கு அது கூசிற்று. வாழ்நாளில் ஒருவருக்கு ஒரு வெற்றிலையைக்கூட இடது கையால் கொடுக்காத மனிதர். கான்வென்டில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண் இடது கையால் எழுதினாள் என்று அவள் விரல் கணுவில் ஸ்கேல் விழுந்துகொண்டே இருக்கும். அது நியாயம் என்றுதான் நான் வளர்ந்தேன். ஊர்ப் பெரியவர்கள் முன்னால் அவர் இடது கையை நீட்டுவதை அவர்கள் மரியாதைக் குறைவாக நினைப்பார்கள், அவரே பின்னால் தெரிந்தால் வெட்கப்படுவார் என்று நானே முடிவு செய்தேன். அந்தக் கையை எடுத்துப் போர்வைக்குள் வைத்து ஓரத்தை மெத்தைக்கு அடியில் செருகிவிடுவேன். வெளியே எடுத்தால் மறுபடி செருகுவேன். பத்து நாளில் அவர் எடுப்பதை விட்டுவிட்டார். அவர் சமாதானமாகிவிட்டார் என்று அதையும் நான் படித்தேன்.

நீ செய்தி கேட்டு ஓடி வந்தது அதற்கப்புறம். அடிவாரத்துக் காரவள்ளியிலிருந்து நடந்தே ஏறி, முழங்கால் வரை சேறோடு வாசலில் நின்றாய். உன்னை அங்கேயே நிறுத்திவிட்டு நான் உள்ளே போனேன். "உங்கள் பிள்ளை வந்திருக்கிறான்" என்றேன். அவர் என்னைப் பார்த்தார். கண் நிறைந்தது. பிறகு முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். இன்னொரு தடவை சொன்னேன். திரும்பவில்லை. வெளியே வந்து உன்னிடம் சொன்னேன்: "அப்பா உன்னைப் பார்க்க விரும்பவில்லை. உன் பெயரைச் சொன்னதும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்." நீ தண்ணீர்கூடக் குடிக்காமல் இறங்கிப் போனாய். நான் பொய் சொல்லவில்லை மகனே. இதை நீ நம்ப வேண்டும் என்று கேட்கவில்லை, ஆனால் அது உண்மை. நான் நிச்சயமாக அப்படித்தான் நம்பினேன். உன்மேல் கோபமாக இருந்தது நான். அந்தக் கோபத்தைக் கொண்டுபோய் அவர் முகத்தில் வைத்துவிட்டு, பிறகு அங்கே பார்த்து, கோபம் தெரிகிறது என்றேன். அன்று உன் பெயரைச் சொன்னபோது அவருடைய நல்ல கை போர்வைக்குள் செருகியிருந்தது. அவரால் அசைக்க முடிந்தது முகம் ஒன்றைத்தான்.

நீ போய்ப் பதினைந்து நாள் இருக்கும். மத்தியானம் களத்தில் சாமை காயப்போட்டுவிட்டு உள்ளே வந்தேன். உன்னைச் சிறு வயதில் தோளில் உட்காரவைத்து மலை ஏற்றி இறக்கினானே, அந்தச் சடையன், அப்பாவின் கட்டிலில் ஒரு காலை மடித்து உட்கார்ந்திருக்கிறான். அவன் பெண்டாட்டி நல்லம்மா கையில் ஒரு கிண்ணத்தோடு நிற்கிறாள். போர்வை இடுப்புவரை தள்ளியிருக்கிறது. அப்பாவின் மார்புக்குக் கீழே ஒரு வெள்ளைப் பூ, ஒரு சிவப்புப் பூ. அவருடைய இடது கை அந்த இரண்டுக்கும் நடுவில்.

"என்னடா இது?" என்றேன்.

சடையன் எழுந்துகொள்ளக்கூட இல்லை. "பூக் கேக்கறேனுங்கம்மா" என்றான்.

உனக்குத் தெரியும், இங்கே கல்யாணமோ வழக்கோ எதுவானாலும் கோயிலில் வெள்ளைப் பூவும் சிவப்புப் பூவும் தனித்தனிப் பொட்டலமாகக் கட்டிப் போட்டு, ஒன்றை எடுக்கச் சொல்லிச் சாமியிடம் உத்தரவு கேட்பார்கள். வெள்ளை வந்தால் சரி, சிவப்பு வந்தால் இல்லை.

"ஐயா என்ன உன் சாமியா?"

"சாமிக்குக் கண்ணு தெரியுமோ தெரியாதோ, அதுக்குத்தான் பொட்டலங் கட்றோம். ஐயாவுக்குக் கண்ணு நல்லாத் தெரியுதுங்களே, தொறந்தே வெச்சிருக்கறேன்" என்றான். நல்லம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு, "ஏனுங்கம்மா, ஐயாவுக்கு அந்தப் பால் ரொட்டி ஆகவே ஆகாதாமுங்க. செவப்பத் தொட்டாரு. ராகிக் களியான்னேன், வெள்ளையத் தட்டித் தட்டிக் காமிச்சாரு. ரெண்டு உருண்டை உள்ள போயிருச்சு, பாருங்க" என்று கிண்ணத்தைக் காட்டினாள்.

முப்பது வருஷமாக அந்த ரொட்டியைச் செய்கிறேன். "கை ஏதோ ஒரு பக்கம் போகிறது, அதை நீங்கள் பதில் என்கிறீர்கள்" என்றேன்.

"அப்பிடி ஒருத்தரும் சொல்லிறக் கூடாதுன்னுதானுங்க மாத்தி மாத்தி வெக்கறது" என்றான் சடையன். "கோயில்லயும் மூணு தரம் மாத்திப் போட்டாத்தான் ஒத்துக்குவாங்க. மொதல்ல, இன்னிக்கு மழையான்னு கேட்டேன். வெளிய வெயிலு கொளுத்துது. செவப்பு. நான் சடையனான்னேன். வெள்ளை. நான் வெள்ளைக்கார தொரையான்னேன், அரை வாயில சிரிச்சாரு, செவப்பு. அப்பறந்தானுங்க கேட்டேன்."

"என்ன கேட்டாய்?"

"சின்னய்யா மேல கோவமான்னு. மூணு தரமும் செவப்புங்க. சின்னய்யாவ வரச் சொல்லலாமான்னு. மூணு தரமும் வெள்ளைங்க. அப்பறம் ஏஞ்சாமி அன்னிக்கு மூஞ்சியத் திருப்புனீங்கன்னு கேட்டேன். அதுக்குப் பூவில பதில் வராதில்லீங்க. அதனால ஒவ்வொண்ணாக் கேட்டேன். வலியா? இல்லை. கோவமா? இல்லை. வாயி ஒழுகறத மகன் பாக்கக் கூடாதுன்னா? வெள்ளையத் தொட்டுக் கைய எடுக்கவே இல்லீங்க." பிறகு, "அம்மா மேல கோவமான்னும் கேட்டேனுங்க" என்றான்.

நல்லம்மா, "அட சும்மா இருய்யா" என்று அவன் தோளில் குத்தினாள்.

அவர் எதைத் தொட்டார் என்று நான் கேட்கவில்லை. பூக்களை வழித்து ஜன்னல் வழியாக வெளியே போட்டேன். "மூளை கலங்கிக் கிடக்கிற மனிதரிடம் பூ வைத்து விளையாடுகிறீர்களா? இதைப் பற்றி ஒரு வார்த்தை வெளியே போனால் இந்தத் தோட்டத்தில் உங்கள் இரண்டு பேருக்கும் வேலை கிடையாது" என்றேன். அப்பாவின் கையை எடுத்துப் போர்வைக்குள் வைத்துச் செருகினேன். அவர் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பார்வைக்கு அர்த்தம் என்ன என்று உனக்கு எழுத மாட்டேன். எனக்குத் தெரியாது.

இதைக் கவனி. நான் அவர் கண்ணைப் படித்தபோது அவர் புத்தி முழுசாக இருந்தது. சடையன் அவரைக் கேட்டபோது அவர் மூளை கலங்கியிருந்தது. ஒரே மனிதர்தான், ஒரே கட்டில்தான். கணக்கிலும் பாஷையிலும் முதலாவதாக வந்த எனக்கு இந்தக் கோணல் அன்று தெரியவில்லை. கையெழுத்துப் போடத் தெரியாத சடையனுக்கு, பதில் தெரிந்த கேள்வியை முதலில் கேட்க வேண்டும், இடத்தை மாற்றி மாற்றி வைக்க வேண்டும் என்று தோன்றியிருக்கிறது. அவன் என்னைவிட நல்லவன் என்று சொல்லவில்லை. அவன் சோம்பேறி, பாதி நாள் மிளகு பறிக்கவும் வரமாட்டான். தனக்குத் தெரியாது என்று அவன் நினைத்தான், அதனால் கேட்டான். அவ்வளவுதான் வித்தியாசம்.

அன்று மாலையே உனக்கு எழுத உட்கார்ந்தேன். "அப்பா உன்னைப் பார்க்க விரும்புகிறார்" என்று எழுதினால், வாசலில் நான் சொன்னது தப்பு என்று ஆகிவிடும். ஒரு மலைக்காரன் பூவை வைத்துச் சொன்னதைக் கேட்டு என் வார்த்தையை மாற்றுவதா என்று தோன்றிற்று. இன்னும் கொஞ்சம் தேறட்டும், அவரே நல்லபடியாக உட்கார்ந்த பிறகு வரச் சொல்லலாம் என்று தள்ளிப்போட்டேன். சடையன் தினமும் வந்து, "தபாலு ஏதாச்சும் இருக்குதுங்களா, கீழ போறேன்" என்பான். இல்லை என்பேன். அப்படி இருபத்து மூன்று நாள். அந்த நாட்களில் ஒரு தடவை, யாரும் இல்லாதபோது, நானே இரண்டு பூவைப் பறித்துவந்து மடியில் வைத்துக்கொண்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். பூவை வெளியே எடுக்கவில்லை. அவர் என்ன சொல்வார் என்று பயமாக இருந்தது. மனிதர்கள் மனத்தைப் படிக்கிறவளுக்கு, ஒரு மனிதரைக் கேட்கப் பயம். இருபத்து நான்காம் நாள் காலையில் அவர் போய்விட்டார். உனக்குத் தந்திதான் கொடுத்தேன். நீ வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது.

பேச்சு ஓரிடத்திலும் பிறர் பேசுவதைப் புரிந்துகொள்வது வேறோரிடத்திலும் மூளையில் இருப்பதாக உங்களுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள் என்கிறது உன் இரண்டாம் பக்கம். ஒன்று போனாலும் மற்றது முழுசாக இருக்கலாமாம். அடுத்தவர் என்ன நினைக்கிறார், என்ன உணர்கிறார் என்று நாம் அறிவது எந்த இடத்தில் என்று இன்னும் யாருக்கும் தெரியாது என்றும் எழுதியிருக்கிறாய். அந்த இடத்தை நீங்கள் கண்டுபிடிக்கும்போது, அதற்கு மிக அருகிலேயே நம்முடைய சொந்தக் கோபமும் சொந்தப் பயமும் இருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது. இரண்டுக்கும் நடுவில் சுவர் மிக மெல்லியது. ஒருவரோடு நெடுநாள் வாழ்ந்தால் அந்தச் சுவர் தடிக்கும் என்று நினைத்திருந்தேன். தடிக்கவில்லை. இன்னும் இளைத்துப்போகிறது; அவரைப் பார்ப்பதையே விட்டுவிடுகிறோம்.

நீ போகிற இடத்தில் தலையில் அடிபட்டுப் பேச்சு இழந்த பையன்கள் வருவார்கள். அவர்கள் பக்கத்தில் ஒரு தாயோ பெண்டாட்டியோ, அங்கே அவர்கள் இல்லாவிட்டால் ஒரு நண்பனோ நர்ஸோ நின்றுகொண்டு, அவனுக்கு இதுதான் வேண்டும், எனக்குத் தெரியும் என்பார்கள். பிரியத்தோடுதான் சொல்வார்கள். அவர்களைத் தண்ணீர் கொண்டுவர அனுப்பிவிட்டு நீ அவனைக் கேள். எந்தக் கை ஆடுகிறதோ அந்தக் கையை வெளியே எடுத்து வை. சுத்தமா அசுத்தமா, வலதா இடதா என்று பார்க்காதே. பொறுமையாகக் கேள், மாற்றிக் கேள். உன்னை நம்பாதே. இது தவிர உனக்குச் சொல்ல என்னிடம் புத்திமதி ஒன்றும் மிச்சமில்லை.

உன் கேள்விக்கு வருகிறேன். அப்பா உன்னை மன்னித்தார் என்று நான் எழுத மாட்டேன். எழுதினால் மறுபடியும் அவருக்காக நான் பேசினதாகும். எனக்குத் தெரிந்தது சடையன் சொன்னது மட்டும்தான். அதையும் அவன் சொன்ன வார்த்தையிலேயே மேலே எழுதியிருக்கிறேன், ஒன்றும் கூட்டவில்லை, ஒன்றும் குறைக்கவில்லை. இன்று காலை அவனைக் கூப்பிட்டு, சின்னய்யாவுக்கு எல்லாவற்றையும் எழுதுகிறேன் என்றேன். "இத்தன வருசங் கழிச்சுங்களா!" என்றான். பிறகு, "நானே சொல்லியிருப்பேனுங்க. நீங்கதான் வாயத் தொறந்தா வேலையில்லைன்னீங்க. எனக்கும் புள்ளகுட்டி இருக்குதுங்களே" என்றான். அவன் முகம் எப்படி இருந்தது என்று சொல்லத் தெரியவில்லை. நான் கீழே பார்த்துக்கொண்டிருந்தேன். கப்பலுக்கு முன்னால் உனக்கு நான்கு நாள் லீவு கிடைத்தால் வந்து அவனிடமே கேட்டுக்கொள். நீங்கள் பேசும்போது நான் தோட்டத்தில் இருப்பேன்.

வர விருப்பமில்லை என்றால் வராதே. இதைப் படித்துவிட்டு நீ என்ன நினைப்பாய் என்று என் மனம் இப்போதே பத்து விதமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறது. நான் எதையும் நம்பப் போவதில்லை. கோபமாக இருந்தால் கோபம் என்று எழுது. இனி என் முகத்தில் விழிக்கப் பிடிக்கவில்லை என்றால் அதையும் எழுது. ஒரு வரியானாலும் போதும். நீ எழுதியதை எழுதியபடியே படித்துக்கொள்கிறேன்.

உன் அம்மா